பரணில் கிடைத்த தேன்கூட்டுக் குறித் தட்டு கையால் வரைந்ததுதானா?

கேள்வி இது: வேலூர் தோட்டப்பாளையத்தில் பழைய வீட்டை இடிப்பதற்கு முன் பரணை ஒழித்திருக்கிறார்கள். கந்தல் புடவையில் சுற்றிய ஒரு பீங்கான் தட்டு கிடைத்திருக்கிறது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம். கருநீல ஓரம், அதன்மேல் பொன்னில் கொடி வேலை. நடுவில் மெல்லிய ஆடை உடுத்திய மூன்று பெண்கள், காலடியில் சிறகு முளைத்த குழந்தை. படத்தின் கீழே ‘ஏஞ்சலிகா காஃப்மன்’ என்று ஆங்கிலத்தில் கையெழுத்து, தட்டின் பின்னால் தேன்கூடு மாதிரி நீலக் குறி. ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார டாக்டர் குடும்பத்தின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது தாத்தா எடுத்தாராம். ‘இருநூறு வருஷத்து வியன்னா, அந்த அம்மாவே வரைந்தது’ என்கிறார் உறவினர் ஒருவர். ‘வெறும் பிரிண்ட், ஐந்நூறு ரூபாய் தருகிறேன்’ என்கிறார் பழம்பொருள் வியாபாரி. யார் சொல்வது சரி, எப்படிச் சுத்தம் செய்வது, இந்த மாதிரி நம் ஊர்ச் சிற்பங்களைத் தட்டில் வரைய ஆசைப்படும் மகளுக்கு வழி உண்டா என்று அந்த வீட்டு அம்மா கேட்டிருக்கிறார்.

அம்மா, நான் விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் படித்தவன். ராணிப்பேட்டையில் ஒரு பீங்கான் ஆலையின் கிளேஸ் (பீங்கான்மேல் ஏறும் கண்ணாடிப் பூச்சு) பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இப்போது காட்பாடி காந்தி நகரில் வீட்டு மாடியில் சின்ன மின்சூளை வைத்துத் தட்டுகளில் வரைகிறேன். நீங்கள் அனுப்பிய படங்களை நிதானமாகப் பார்த்தேன். ஏஞ்சலிகா காஃப்மன் உங்கள் தட்டை வரையவில்லை. ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் இருந்த அரசுப் பீங்கான் ஆலையில் செய்த தட்டும் இல்லை என்றுதான் பின்பக்கக் குறி சொல்கிறது. அதற்காக வியாபாரி சொன்ன ‘வெறும் பிரிண்ட்’ என்பதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். அதற்கு முன்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

கையெழுத்தில் தொடங்குகிறேன், ஏனென்றால் நிறைய பேர் ஏமாறுவது அங்கேதான். ஏஞ்சலிகா காஃப்மன் 1741இல் சுவிட்சர்லாந்தின் கூர் நகரில் பிறந்தவர். 1768இல் லண்டனில் ராயல் அகாடமி தொடங்கியபோது நிறுவன உறுப்பினர்களில் இருந்த இரண்டே பெண்களில் ஒருவர். பிறகு ரோமில் குடியேறி 1807இல் அங்கேயே இறந்தார். அவர் எண்ணெய் வண்ணத்தில் துணிமேல் வரைந்தார். கிரேக்க, ரோமானியப் புராணங்களும் பழங்கவிதைகளும்தான் பெரும்பாலும் பொருள். அந்த ஓவியங்களைச் செதுக்குக் கலைஞர்கள் செப்புத் தகட்டில் புள்ளி புள்ளியாகப் பொறித்து அச்சிட்டார்கள். அந்த அச்சுப் படங்கள் ஐரோப்பா முழுக்க விலைக்குப் போயின. பீங்கான் ஓவியர்களின் மேசைக்கு வந்ததும் அந்த அச்சுப் படம்தான். அவர்களில் பலர் மூல ஓவியத்தைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒன்று இருக்கிறது. பெரும்பாலான அச்சுப் படங்களில் ஒரே நிறம்தான், கறுப்பு அல்லது செம்பழுப்பு. எந்தப் பெண்ணுக்கு ரோஜா நிறப் புடவை (நாம் புடவை என்றே சொல்லிக்கொள்வோம்), யாருக்கு வெண்ணெய் நிறம் என்று முடிவு செய்தவர் தட்டில் வரைந்தவர்தான். அதனால் ஒரே காட்சி பத்துத் தட்டுகளில் பத்து விதமான வண்ணங்களோடு இருக்கும். கையால் வரைந்த தட்டு என்றால், பெயர் தெரியாத அந்த ஓவியரின் ரசனை அந்த வண்ணத் தேர்வில்தான் தங்கியிருக்கிறது. ரவிவர்மா படங்களுக்கு நம் ஊரில் நடந்ததும் இதுதானே? அவருடைய அச்சகத்திலிருந்து வந்த சரஸ்வதியும் யசோதையும் காலண்டரில் ஏறினார்கள், ஜரிகையும் சமிக்கியும் ஒட்டிச் சட்டத்துக்குள் போனார்கள், ஜெர்மனியில் பீங்கான் பொம்மைகளாக வார்க்கப்பட்டுக் கப்பலேறிச் செட்டிநாட்டு வீடுகளுக்கும் வந்தார்கள். அந்தப் பொம்மையை ரவிவர்மா செய்ததாக யாரும் சொல்ல மாட்டோம். இந்தக் கையெழுத்தும் அப்படித்தான். மூலப் படம் யாருடையது என்று மட்டும் சொல்கிறது.

படத்தில் இருப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் குழந்தையை வீட்டில் ‘ஏசுவின் தேவதை’ என்று சொல்லி வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். மிஷன் டாக்டர் வீட்டுச் சாமான் என்பதால் அப்படி நினைத்திருப்பீர்கள். அது கியூபிட், வீனஸின் மகன். அம்பு எய்து காதலை மூட்டுகிற வேலையில் நம் மன்மதனுக்குச் சொந்தக்காரன். நம்மவன் கரும்பு வில்லோடு வளர்ந்த ஆணழகனாக நிற்பான், சிறகு கிடையாது. ரோமானியர்கள் அவனைச் சிறகுள்ள சிறுவனாகவே வைத்துக்கொண்டார்கள். மூன்று பெண்களும் கிரேசஸ் எனப்படும் எழில் தேவியராக இருக்கலாம்: அக்லாயா, யூஃப்ரோசினே, தாலியா. அழகு, மகிழ்ச்சி, மலர்ச்சி மூன்றுக்கும் மூன்று பேர்.

இந்தக் கதைகள் ஏன் சாப்பாட்டுத் தட்டு வரை வந்தன? 1738இல் ஹெர்குலேனியத்தையும் 1748இல் பாம்பேயையும் தோண்டத் தொடங்கினார்கள். எரிமலைச் சாம்பலுக்குள் பதினேழு நூற்றாண்டுகள் மூடிக் கிடந்த சுவர் ஓவியங்களும் பாத்திரங்களும் வெளியே வந்தன. வளைவும் நெளிவுமாக இருந்த அலங்காரத்தில் சலித்துப் போயிருந்த ஐரோப்பியப் பணக்காரர்களுக்கு அது புதுக்காற்று. நாற்காலியின் கால் முதல் தேநீர்க் கோப்பை வரை எல்லாம் கிரேக்கச் சாயலுக்கு மாறின. வியன்னா ஆலை இதில் உச்சத்தைத் தொட்டது சோர்கெந்தால் என்பவர் பொறுப்பில் இருந்த 1784 முதல் 1805 வரையிலான காலத்தில். தட்டை ஓவியச் சட்டம் மாதிரி நடத்தினார்கள். ஓரம் முழுக்க ஆழ்ந்த நிறமும் புடைத்த தங்கமும், நடுவில் ஒரு முழு ஓவியம். லைத்னர் என்ற வேதியியலாளர் உண்டாக்கிய கோபால்ட் நீலம் அந்த ஆலையின் அடையாளமாகவே ஆனது. உங்கள் தட்டின் கருநீல ஓரம் அந்தப் பாணியைப் பார்த்துச் செய்ததுதான்.

சரி, குறிக்கு வருவோம். வியன்னா ஆலையை 1718இல் து பாக்கியே தொடங்கினார். 1744இல் மரியா தெரசா அரசி அதை அரசுடைமை ஆக்கினார். அப்போதிருந்து ஆஸ்திரியாவின் கேடயச் சின்னம் குறியானது: கீழே கூர்ந்த ஒரு கேடயம், குறுக்கே இரண்டு கோடு. தட்டைத் தலைகீழாகத் திருப்பினால் அதுவே கோடு போட்ட தேன்கூடு. நம் மரத்தில் தொங்குகிற தேனடை இல்லை, ஐரோப்பாவில் வைக்கோலால் முடைந்த தேன்கூடு, பார்க்கக் கவிழ்த்த கூடை மாதிரி இருக்கும். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 1864இல் ஆலை மூடப்பட்டது. அதற்குப் பிறகுதான் கூத்து. இன்றைய செக் நாட்டுப் பகுதியான பொஹீமியாவிலும் ஜெர்மனியிலும் இருந்த பல பட்டறைகள் அதே குறியை எடுத்துக்கொண்டு ‘வியன்னா பாணி’ தட்டுகளைச் செய்து தள்ளின. இன்று உலகத்தில் கைமாறுகிற தேன்கூட்டுக் குறிகளில் பெரும்பகுதி அவைதான்.

அசல் குறி கையால் தீட்டியது, கிளேஸுக்கு அடியில் இருப்பது. ஒவ்வொன்றும் கொஞ்சம் கோணலாக, ஒரு பக்கம் தடித்து, அவசரத்தில் போட்டதுபோல இருக்கும். நகத்தால் வருடினால் எதுவும் தட்டுப்படாது. 1783 முதல் சுடாத களிமண்ணிலேயே ஆண்டு எண்ணைக் குத்தி வைக்கும் பழக்கமும் இருந்தது. 1700களுக்குக் கடைசி இரண்டு எண், 1800 முதல் கடைசி மூன்று எண். 817 என்று பள்ளமாகத் தெரிந்தால் 1817. உங்கள் படத்தில் குறி இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே அளவு, ரப்பர் முத்திரை வைத்த மாதிரி. எண் எதுவும் குத்தப்படவில்லை. ஆகவே 1864க்குப் பிந்தையது என்று துணிந்து சொல்கிறேன். இன்னொன்றையும் பாருங்கள்: குறியின் பக்கத்தில் ‘ஆஸ்திரியா’ அல்லது ‘ஜெர்மனி’ என்று ஆங்கிலத்தில் நாட்டின் பெயர் இருக்கிறதா? வெளிநாட்டுச் சரக்கில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் போட்டது. அதன்பிறகுதான் நாட்டின் பெயர் அச்சிடுவது பரவலானது. ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்றிருந்தால் 1918க்குப் பிறகு, அதற்கு முன் அப்படி ஒரு நாடே இல்லை.

குறியைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகும், குறியை நான் கடைசியில்தான் நம்புவேன். வியன்னா ஆலையின் அசல் வெள்ளைத் தட்டுகளே வெளியாருக்கு விற்கப்பட்டு வேறு இடங்களில் வண்ணம் ஏறியிருக்கின்றன. அசல் குறி, வேறு கை. அதேபோல, போலிக் குறி வைத்த பட்டறைகள் சிலவற்றில் அபாரமான ஓவியர்கள் உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள். தட்டைத் திருப்பி வையுங்கள், முகத்தைப் பாருங்கள்.

லாங் பஜாரில் கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் மாட்டிக்கொள்கிற லென்ஸ் போதும், பத்து மடங்கு பெரிதாக்கினால் நல்லது. காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்காருங்கள். முதலில் நடுவில் இருக்கும் பெண்ணின் கன்னம். அச்சுப் படமாக இருந்தால் கன்னம் தனித்தனிப் புள்ளிகளாக உடையும். ஒரே அளவில் சிவப்புப் புள்ளி, மஞ்சள் புள்ளி, பழுப்புப் புள்ளி பக்கத்தில் பக்கத்தில், ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல் அச்சில் பல வண்ணங்களைத் தாளில் ஏற்றி, அந்தத் தாளைப் பீங்கானில் ஒட்டிச் சுடும் முறை வந்துவிட்டது. ஆலையில் நாங்கள் டெக்கால் என்போம், வீட்டில் ஸ்டிக்கர் என்பார்கள்.

இங்கே ஒரு வழுக்கல் உண்டு. கையால் வரைந்தவர்களும் முகத்துக்குப் புள்ளி வைப்பார்கள். மெல்லிய தூரிகை நுனியால் நிழலைப் புள்ளிகளாலேயே கட்டுவது அவர்கள் பயின்ற முறை. அதனால் புள்ளியைப் பார்த்ததும் ‘பிரிண்ட்’ என்று முடிவு கட்டக் கூடாது. கையால் வைத்த புள்ளிகள் அளவில் ஒன்றுபோல இருக்காது, அடியில் ஒரு மெல்லிய வண்ணப் பூச்சு இருக்கும், புள்ளிகள் கன்னத்தின் வளைவோடு சேர்ந்து திரும்பும். அச்சுப் புள்ளிக்குக் கன்னமும் ஒன்றுதான் பாறையும் ஒன்றுதான், எங்கும் ஒரே மாதிரி கிடக்கும்.

அடுத்து முடியும் ஆடை மடிப்பும். தூரிகைக் கோட்டுக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு. தொடும்போது வண்ணம் தேங்கி, இழுக்கும்போது மெலிந்து, எடுக்கும்போது கூராகும். நெற்றியில் தொங்கும் ஒற்றை மயிரிழையை லென்ஸில் பார்த்தால் போதும், கை தெரிந்துவிடும். பிறகு தட்டைச் சாய்த்து வெளிச்சம் வழுக்கும்படி பிடியுங்கள். கையால் போட்ட வண்ணத்தில் வெள்ளை வைத்த இடங்கள் மெல்லப் புடைத்திருக்கும், சில நிறங்கள் பளபளக்கும், சில மங்கலாக இருக்கும். டெக்காலில் படம் முழுக்க ஒரே தோல் மாதிரி இருக்கும். சில சமயம் படத்தைச் சுற்றி ஒரு மெல்லிய ஓரமும் தெரியும்.

கையெழுத்தையும் அதே லென்ஸில் பாருங்கள். எழுத்துகள் புள்ளிகளாக உடைந்தால் அது படத்தோடு அச்சில் வந்தது. காஃப்மன் பெயர் போட்ட தட்டுகள் என் கையில் வந்தவரை பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் முழுக்கையும் இல்லை, முழு அச்சும் இல்லை என்று நடுவில் ஒரு வகை உண்டு. நடுப்படம் அச்சு, அதன்மேல் சில இடங்களில் தூரிகைத் தொடுப்பு, ஓரத்துத் தங்கக் கொடி முழுவதும் கை வேலை. உங்கள் தட்டு இந்த வகையாக இருக்கும் என்பது என் ஊகம். ஊகத்துக்குக் காரணம் தங்கம். படத்தில் கொடியின் இலைகள் ஒன்றுக்கொன்று அளவு மாறுகின்றன, ஓரிடத்தில் ஒரு சுருள் பக்கத்துச் சுருளோடு இடித்துக்கொண்டு நிற்கிறது. அச்சு இப்படி இடிக்காது. யாரோ ஒருவர் தட்டைச் சுழற்றிச் சுழற்றி வரைந்துகொண்டு வந்து, தொடங்கிய இடத்தைத் தொடும்போது இடம் போதாமல் நெருக்கியிருக்கிறார். அந்த இடத்தைப் பார்த்தபோது எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

தங்கத்திலும் இரண்டு தரம். பழைய முறையில் தங்கப் பொடியைப் பூசிச் சுட்டால் சூளையிலிருந்து மங்கிய கடுகு நிறத்தில் வெளிவரும். அகேட் கல்லால் தேய்த்துத் தேய்த்துத்தான் ஒளியேற்ற வேண்டும். அந்த ஒளி நெய் விளக்கு மாதிரி நிதானமாக இருக்கும், லென்ஸில் தேய்த்த தடங்கள் தெரியும். 1830 வாக்கில் ஜெர்மனியின் மைசன் பீங்கான் ஆலையில் திரவத் தங்கம் வந்தது. சூளையிலிருந்து எடுக்கும்போதே கண்ணாடிபோல மின்னும், ஆனால் படலம் மெல்லியது, சீக்கிரம் தேயும்.

ஒரு தட்டைக் கையால் வரைவது என்றால் என்ன வேலை என்று மகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நாம் ஊறுகாய் ஜாடி, வாஷ்பேசின், தேநீர்க் கோப்பை எல்லாவற்றையும் பீங்கான் என்றே சொல்கிறோம். உண்மையான பீங்கான், வெண்களிமண்ணையும் ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் கற்பொடிகளையும் கலந்து ஏறக்குறைய 1400 டிகிரியில் சுட்டது. செல்போன் டார்ச்சைப் பின்னால் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவும், விரலின் நிழல் தெரியும். சீனர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கைவசம் வைத்திருந்த இந்த வித்தையை ஐரோப்பாவில் முதலில் பிடித்தவர் பெட்கர் என்ற ஜெர்மானியர். 1708இல் கண்டுபிடிப்பு, 1710இல் மைசனில் ஆலை. நம் கரிகிரி மண்பாண்டம் அழகானதுதான், அந்தப் பச்சை நீலக் கிளேஸ் எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். ஆனால் அது குறைந்த சூட்டில் வெந்த மண், இனம் வேறு.

ஓவியம் இந்தக் கண்ணாடிபோன்ற வெள்ளைப் பரப்பின் மேல் வருகிறது. வண்ணம் என்பது உலோக ஆக்சைடும், அதை உருக்கி ஒட்டவைக்கும் கண்ணாடிப் பொடியும். கோபால்ட் நீலம் தரும், குரோமியம் பச்சை தரும், இரும்பு செங்காவி தரும், தங்கமே ரோஜா நிறம் தரும். இந்தப் பொடியை டர்பன்டைனும் கிராம்பு எண்ணெயும் விட்டுக் கண்ணாடித் தகட்டில் குழைத்து, அணில் முடித் தூரிகையால் தீட்டி, 750 முதல் 850 டிகிரி வரை சுட வேண்டும். கிளேஸ் லேசாக இளகி வண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரே சூட்டில் முடியாது. முதல் சூட்டில் மெல்லிய பூச்சு, இரண்டாவதில் நிழல், மூன்றாவதில் முகத்தின் நுணுக்கம், கடைசியில் தங்கம். ஒவ்வொரு முறையும் இதுவரை செய்தது எல்லாம் பணயம்.

தீட்டும்போது தெரிகிற நிறம் சுட்ட பிறகு இருக்காது. தங்கம் சுடுவதற்கு முன் கறுத்த பழுப்பாக இருக்கும். ரோஜா நிறம் சூடு குறைந்தால் பழுப்பாகிப்போகும், கூடினால் ஊதாவாகும். செங்காவி அதிகச் சூட்டில் மெல்லக் காணாமலே போகும். என் முதல் பெரிய தட்டில் மீனாட்சி கல்யாணம் வரைந்தேன். நான்கு மாத வேலை. மூன்றாவது சூட்டில், ஆறுவதற்கு முன்பே பார்த்துவிடும் ஆசையில் சூளைக் கதவைத் திறந்தேன். வேலூர் வெயிலே ஆனாலும் 300 டிகிரி தட்டுக்கு வெளிக்காற்று குளிர்தான். டிங் என்று ஒரு சத்தம், பெருமாளுக்கும் சொக்கநாதருக்கும் நடுவில் விரிசல். அன்றிலிருந்து சூளையை இரவு மூட்டி, மறுநாள் மாலைதான் திறக்கிறேன்.

சுத்தம் செய்வது பற்றி: சபீனா, புளி, எலுமிச்சை, சாம்பல், கம்பி நார், ஒன்றும் கூடாது. தங்கம் கிளேஸுக்கு மேலே இருக்கிறது, ஒரே தேய்ப்பில் போய்விடும். புளிப்பு, வண்ணத்தில் இருக்கும் கண்ணாடியையே அரிக்கும். பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் ஒரு துண்டை விரித்து, வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு, விரல்களாலேயே கழுவுங்கள். கடைசி அலசலுக்கு போர் தண்ணீர் வேண்டாம், நம் பக்கத்து உப்பு வெள்ளைத் திட்டாகப் படியும். குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீர் போதும். பழைய பருத்தி வேட்டியில் ஒற்றி எடுங்கள். கழுவுவதற்கு முன் விரல் நுனியால் ஓரத்தைச் சுண்டிப் பாருங்கள். மணிபோல ஒலித்தால் நல்லது. மொட்டையாகக் கேட்டால் எங்கோ விரிசல் அல்லது பழைய ஒட்டு இருக்கிறது, அப்போது தண்ணீரில் முக்காமல் ஈரத் துணியால் மட்டும் துடையுங்கள்.

அந்தத் தட்டில் சாப்பாடு வைக்கவே வேண்டாம். அந்தக் காலத்து வண்ணங்களில் ஈயம் உண்டு, நம் ரசமும் புளிக்குழம்பும் அதை வெளியே இழுக்கும். சுவரில் மாட்ட ஸ்பிரிங் கம்பியும் வேண்டாம், ஓரத்துத் தங்கத்தைக் கடித்துவிடும். மரத் தாங்கியில் நிறுத்தி வையுங்கள், நேர் வெயிலும் மேற்குச் சுவரும் தவிர.

விற்பது உங்கள் இஷ்டம், நான் விற்க மாட்டேன். நீங்கள் விற்பதானாலும் லென்ஸில் பார்த்து முடிக்கும் வரை யாருக்கும் விலை சொல்லாதீர்கள். முழுக்கக் கையால் வரைந்த முகம் என்றால் ஐந்நூறு ரூபாய் பேச்சுக்கே இடமில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று யாராவது ஆசை காட்டினால் ஒன்று நினைவில் வையுங்கள்: 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தரவில்லை.

இனி மகள். இதைப் படித்ததும் அவளிடம் சொல்லுங்கள், தாராளமாக முடியும், அதுவும் நம் ஊரில் இருந்துகொண்டு இதைச் செய்யாவிட்டால்தான் குறை. கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தில் எல்லாரும் யாளியையும் குதிரை வீரனையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவளை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். விதானத்தில் விரிந்த தாமரை, அதைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகள். அந்தச் சிற்பி வட்டத்துக்குள் எப்படிக் கட்டம் பிரித்தான் என்று பாருங்கள், அது தட்டுக்கென்றே செய்த வடிவம். தூணில் இருக்கும் யாளி வீரன் நிமிர்ந்த செவ்வக உருவம், அவனை வட்டத் தட்டில் திணித்தால் மேலும் கீழும் அடைபடும், இரண்டு பக்கமும் காலியாகும். அவனுக்குப் பூச்சாடிதான் பொருத்தம்.

சிற்பத்தில் நிறம் இல்லை என்று பயப்பட வேண்டாம். வியன்னா ஓவியருக்கும் ஒரு நிற அச்சுதான் கிடைத்தது. நிறம் பழக வேண்டும் என்றால் ஆம்பூர்ப் பக்கம் மலையம்பட்டுக்கு மேலே அர்மாமலைக் குகை இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டுச் சமணர் ஓவியங்கள். நிறைய உதிர்ந்துவிட்டன, ஆனாலும் தாமரைக் குளமும், ஆட்டுக்கடாமேல் அமர்ந்த அக்கினியும் மனைவியும் இருந்த இடங்களில் இன்னும் வண்ணம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காவி, மஞ்சள், பச்சை, கறுப்பு என்று ஒரு கைப்பிடி நிறம்தான். நெருப்புக் கடவுளைச் சூளையில் வைத்துச் சுடுவது என்பது எனக்கு நெடுநாள் ஆசை, கை நடுங்குவதால் தள்ளிப்போகிறது. மகள் அதை எடுத்துக்கொண்டால் என் குறிப்புகளைத் தருகிறேன்.

படிப்பாகவே வேண்டும் என்றால் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் பீங்கான் கலைக்குத் தனித் துறை உண்டு. தொழில்நுட்பத்துக்கு விருத்தாசலம். வீட்டிலிருந்து தொடங்குவதானால் ஆறு அங்குல வெள்ளை டைல் பத்து வாங்கச் சொல்லுங்கள், டைலில் கெட்டால் மனது வலிக்காது. தட்டு வாங்கும்போது ‘போன் சைனா’ என்றிருந்தால் அதில் கிட்டத்தட்டப் பாதி மாட்டெலும்புச் சாம்பல் என்பது தெரிந்திருக்கட்டும். வெளிச்சம் அருமையாக ஊடுருவும், ஆனால் சாமி படம் வரைந்து பூஜை அறையில் வைக்கப் போகிறவர்கள் சிலர் பிறகு வருத்தப்பட்டிருக்கிறார்கள். உருவத்தைத் தாளில் வரைந்து, கோடு நெடுக ஊசியால் குத்தி, கரித்தூள் கட்டிய துணி முடிச்சால் தட்டினால் தட்டில் புள்ளிக்கோடு விழும். கரி சூளையில் எரிந்து போய்விடும், அழிக்கவே வேண்டாம்.

முதல் மாதம் முழு ஓவியம் வேண்டாம். ஒரே ஒரு கிளி. உடம்புக்குக் குரோமியப் பச்சை, அது சூட்டுக்கு அஞ்சாது. அலகுக்கு இரும்புச் சிவப்பு, அதில்தான் சூட்டின் அளவு பிடிபடும். டைலைப் பழைய துணியில் சுற்றி எடுத்து வரட்டும், தட்டையும் அதோடு கொண்டு வாருங்கள். சனிக்கிழமை இரவு சூளை மூட்டுகிறேன், கீழ் அடுக்கில் ஒரு டைலுக்கு இடம் விட்டு வைக்கிறேன்.